கேள்வி – பதில்: சுவரையும் கூரையையும் 100 நிமிடம் காட்டிய படம்

சென்ற இதழில் 'ஸ்கினமரிங்க்' என்ற கனடா நாட்டுப் படத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி குழப்பம், நடுவில் இரண்டு மூன்று பேர் ராத்திரி தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். எனவே இந்த இதழின் பதில்கள் முழுவதும் அந்த ஒரு படத்துக்கே. படத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: எட்மன்டன் நகரைச் சேர்ந்த கைல் எட்வர்ட் பால் எடுத்த முதல் முழுநீளப் படம் இது. 2022ல் மான்ட்ரியலில் நடந்த ஃபேன்டேசியா திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, 2023 ஜனவரி 13ல் வட அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. செலவு ஏறக்குறைய 15,000 அமெரிக்க டாலர். கதையின் முக்கியமான இடங்களையும் கீழே சொல்லியிருக்கிறேன், இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

உங்கள் குறிப்பை நம்பி ராத்திரி கண் விழித்துப் பார்த்தேன். சுவர், கூரை, கதவின் மூலை, தரையில் சிதறிக் கிடக்கும் பொம்மைகள். ஒரு மனித முகத்தைக்கூட ஒழுங்காகக் காட்டவில்லை. இதுவா சினிமா? பார்ப்பவனை ஏமாற்றுவதற்குத்தான் 'பரிசோதனை முயற்சி' என்று பெயரா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

உங்கள் கோபத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. 'பயங்கரமான பேய்ப்படம்' என்று எழுதினேனே தவிர, அதில் முகங்கள் தெரியாது, வசனம் பாதி காதில் விழாது, கதை நகர்வதாகவே தோன்றாது என்பதை நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது. ஒரு திரைப்பட விழாவின் இணையத் திரையிடலிலிருந்து படம் திருட்டுத்தனமாகக் கசிந்து, அதன் துண்டுகள் டிக்டாக்கில் பரவி, 'இதுவரை வந்ததிலேயே பயங்கரமான படம்' என்ற பேச்சு கிளம்பிவிட்டது. அந்தப் பேச்சைக் கேட்டு, கத்திக் கூச்சல் போடலாம் என்று நண்பர்களோடு தியேட்டருக்குப் போனவர்கள் கண்டது இருண்ட ஒரு ஹாலின் மூலை. விமர்சகர்களில் பலர் பாராட்டிய படத்தைப் பொதுப் பார்வையாளர்களில் ஏராளமானோர் வெறுத்ததற்கு இந்தத் தவறான எதிர்பார்ப்பு பெரிய காரணம்.

ஆனால் ஏமாற்று என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏமாற்றுகிறவர் ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தருவார். இந்தப் படம் முதல் ஐந்து நிமிடத்திலேயே தான் என்ன செய்யப் போகிறது என்பதைக் காட்டிவிடுகிறது, கடைசிவரை அதிலிருந்து மாறவே இல்லை. கேமரா தரையோடு தரையாகக் கிடந்து மேலே பார்க்கிறது, நான்கு வயதுக் குழந்தை கம்பளத்தில் படுத்துக்கொண்டு பார்க்கும் பார்வை அது. அந்த உயரத்திலிருந்து பெரியவர்களின் கால்தான் தெரியும், முகம் தெரியாது. கதவு நிலையின் மேல்பக்கமும், கூரையில் ஆடும் டிவி வெளிச்சமும் தெரியும். குழந்தையாக இருந்தபோது நாமும் இப்படித்தான் வீட்டைப் பார்த்திருக்கிறோம், இப்போது மறந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் போனபின் நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். நடுப்பகுதியில் முன்பு செய்ததையே படம் திரும்பத் திரும்பச் செய்கிறது, ஒரு 20 நிமிடத்தையாவது குறைத்திருக்கலாம் என்பது என் கருத்து. இதே இயக்குநர் 2020ல் இதற்கு முன்னோட்டம்போல 'ஹெக்' என்று ஒரு குறும்படம் எடுத்தார். ஏறக்குறைய அரை மணி நேரம்தான், ஆனால் இந்தப் படத்தின் உயிர் அதிலேயே இருக்கிறது.

கதை என்னதான் சார்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

1995ஆம் ஆண்டு. நான்கு வயது கெவின், ஆறு வயது அக்கா கேய்லி. நடு ராத்திரியில் விழிக்கிறார்கள். அப்பாவைக் காணவில்லை. வீட்டின் ஜன்னல்களும் கதவுகளும் ஒவ்வொன்றாக மறைந்துபோகின்றன, கழிப்பறைக் கோப்பைகூட. பயத்தில் இருவரும் கீழே ஹாலுக்கு வந்து டிவி முன்னால் படுத்துக்கொண்டு பழைய கார்ட்டூன் பார்க்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு குரல் இருக்கிறது, அது முதலில் அக்காவை மாடிக்குக் கூப்பிடுகிறது, பிறகு தம்பியை. நடக்கிற விஷயம் இவ்வளவுதான்.

15,000 டாலரில் எப்படி முழுப்படம் எடுக்க முடிந்தது? நாங்கள் நண்பர்கள் சேர்ந்து படம் எடுக்க முயல்கிறோம், அதனால் கேட்கிறேன்.
– ஒரு கல்லூரி மாணவர், கோவை

இந்தக் கேள்விக்காகவே இந்தப் படத்தை மறுபடி பார்க்கலாம்.

முதலில் இடம். எட்மன்டனில் தான் வளர்ந்த வீட்டிலேயே எடுத்தார், வாடகையும் செட்டும் மிச்சம். படப்பிடிப்பு ஏழே நாள். பணத்தின் பெரும்பகுதி பலரும் கொடுத்த சிறுசிறு தொகை. வெளிச்சத்துக்குப் பெரிய விளக்குகள் எதுவும் இல்லை, டிவியின் வெளிச்சமும் வீட்டு விளக்குகளும்தான். குறைந்த ஒளியிலும் வேலை செய்யக்கூடிய டிஜிட்டல் கேமராவில் எடுத்து, பழைய பிலிமில் தெரிவது போன்ற புள்ளிகளைப் பின்னர் படத்தின் மேல் சேர்த்தார். முகங்களைக் காட்டாததால் குழந்தைகள் படப்பிடிப்பில் நாள் முழுக்க நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. வசனங்களைத் தனியாகப் பதிவு செய்து, பழைய ஒலிநாடாவின் இரைச்சல் கலந்து சேர்த்திருக்கிறார், சில இடங்களில் குரல் கேட்கவே கேட்காது, கீழே எழுத்து மட்டும் வரும்.

டிவியில் ஓடும் கார்ட்டூன்களைக் கவனித்தீர்களா? எல்லாம் 1930களில் வந்தவை, காப்புரிமை தீர்ந்துபோனவை, அதனால் செலவில்லை. ஆனால் அதைச் செலவுக்கணக்கோடு நிறுத்தாமல் கதைக்குள் இழுத்துக்கொண்டார் பாருங்கள், அந்த இடத்தில்தான் இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. 1939ல் வந்த கார்ட்டூன் ஒன்றில் ஒரு முயல் சட்டென்று மறையும். படத்தில் அந்த ஒரு கணம் மட்டும் டிவியில் சிக்கிக்கொண்டதுபோல் மறுபடி மறுபடி ஓடுகிறது, அந்த நேரத்தில் வீட்டிலும் பொருள்கள் மறைகின்றன. வீட்டில் இருக்கும் அந்த ஏதோ ஒன்று, கார்ட்டூனைப் பார்த்து இந்த வித்தையைக் கற்றுக்கொண்டதா என்று நமக்குத் தோன்ற ஆரம்பிக்கும். காசில்லாத குறையையே கதைக்குப் பொருளாக்குவது என்றால் இதுதான்.

இது புதிய வழியும் இல்லை. அமெரிக்கப் பரிசோதனைப் பட இயக்குநர் மாயா டெரன் 1943ல் தன் கணவர் அலெக்சாண்டர் ஹமீதோடு ஹாலிவுட்டில் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே ஒரு குறும்படம் எடுத்தார். ஒரு சாவி, ஒரு கத்தி, ஒரு ரொட்டி, மாடிப்படி, முகத்துக்குப் பதில் கண்ணாடி வைத்த கறுப்பு உருவம். செலவு சில நூறு டாலர். இன்றுவரை பரிசோதனைப் படம் படிக்கிற மாணவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உங்கள் குழுவுக்கு நான் சொல்ல விரும்புவது, கேமராவை விட ஒலிக்கு நேரம் கொடுங்கள். மங்கலான படத்தை மன்னிக்கிற பார்வையாளர், கவனமில்லாமல் பதிவான ஒலியை மன்னிக்க மாட்டார். ஸ்கினமரிங்க் படத்தில் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாதபோதும் காதுக்கு ஏதாவது இருந்துகொண்டே இருக்கிறது.

ஜனவரி 2023ல் தியேட்டரில் பார்த்தேன். பாதிப் படத்தில் ஐந்தாறு பேர் எழுந்து போனார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணோ கையால் முகத்தை மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். நான் அந்த இரண்டும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரே படம் எப்படி இப்படிப் பிரிக்கிறது? பெயருக்கு என்ன அர்த்தம் என்பதையும் எழுதுங்கள்.
– ஒரு வாசகர், டொராண்டோ

பெயருக்கு அர்த்தம் கிடையாது. 1910ல் ஒரு அமெரிக்க இசை நாடகத்துக்காக எழுதப்பட்டு, பிறகு குழந்தைப் பாட்டாகிப்போன பாடலின் வாய்க்கு வந்த சொல் அது. கனடாவில் ஷாரன், லோயிஸ், பிராம் என்ற மூவர் குழு அதைத் தொலைக்காட்சியில் பாடிப் பாடி ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கே மனப்பாடம் ஆக்கியது. உங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதுமே மழலைப்பள்ளி ஞாபகம் வரும், அந்த ஞாபகத்தோடு இந்த இருட்டுக்குள் போகிறவருக்குக் கூடுதலாகவே வயிறு கலங்கும்.

சரி, பிரிவுக்கு வருவோம். எங்கள் பாட்டி வீட்டில் கரண்ட் போன ராத்திரிகளில் கொல்லைப்புறம் போக வேண்டுமென்றால் அம்மாவை எழுப்புவேன். அம்மா எழுந்து தீப்பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் ஆணியில் தொங்கும் அப்பாவின் சட்டை ஓர் ஆளாக மாறிவிடும், தலை அசையும், ஒரு கை நீளும். என் பக்கத்தில் படுத்திருந்த தம்பிக்கு அது கடைசிவரை சட்டைதான். இந்தப் படமும் அப்படித்தான் பிரிக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு உடல்சார்ந்த காரணமும் உண்டு. நம் கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். பழகிய பிறகும் மங்கலில் பார்க்க உதவும் செல்கள் நுணுக்கங்களைப் பிரித்துக் காட்டாது, மிச்சத்தை மூளைதான் ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஒரே புள்ளியை அசையாமல் பார்த்தால் சுற்றியுள்ளவை கரைந்து மறையும் என்பதை டிராக்ஸ்லர் என்ற மருத்துவர் 1804லேயே எழுதியிருக்கிறார். இத்தாலிய உளவியலாளர் கபுட்டோ 2010ல் வெளியிட்ட ஆய்வில், மங்கிய வெளிச்சத்தில் 10 நிமிடம் கண்ணாடியில் தங்கள் முகத்தையே பார்த்தவர்களில் பலர் முகம் கோணுவதையும், அறிமுகமில்லாத முகங்களையும், சிலர் இறந்துபோன பெற்றோரின் முகத்தையும் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். கைல் எட்வர்ட் பால் திரை முழுக்கத் துடிக்கும் புள்ளிகளை வைத்து, நடுவில் ஒரு கறுப்பு வாசலை வைத்து, ஒரு நிமிடம் வெட்டாமல் விட்டுவிடுகிறார். உங்கள் பக்கத்தில் இருந்த பெண் அந்த வாசலில் பலதைக் கண்டிருப்பார். எழுந்து போனவர்களுக்கு அது வாசலாகவே இருந்திருக்கும். இரண்டு பேரும் பார்த்ததைப் பார்த்தபடிதான் நடந்துகொண்டார்கள், இதில் ரசனை குறைவு என்று யாரையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் ஊர்க்காரர் மைக்கேல் ஸ்னோ 1967ல் நியூயார்க்கின் ஒரு மாடி அறைக்குள் ஒரு படம் எடுத்தார். அறையின் ஒரு கோடியிலிருந்து எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் அலைகளின் புகைப்படத்தை நோக்கி 45 நிமிடம் கேமராவின் பார்வை மெல்ல மெல்ல நெருங்கும். நடுவில் ஓர் ஆள் உள்ளே வந்து விழுந்து செத்துப்போவார், கேமரா அதற்காக நிற்காமல் சுவரை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அவர் 2023 ஜனவரி 5ல் காலமானார். எட்டே நாள் கழித்து, ஒரு வீட்டின் சுவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு கனடாப் படம் 692 தியேட்டர்களில் வெளியானது, 20 லட்சம் டாலருக்கு மேல் வசூலும் செய்தது. ஸ்னோவின் படம் விழாக்களிலும் அருங்காட்சியகங்களிலும் கலைக்கூடங்களிலும்தான் பெரும்பாலும் ஓடியது. அவர் இன்னும் பத்து நாள் இருந்து இதைப் பார்த்திருக்கக் கூடாதா என்று எனக்கு உண்மையிலேயே ஏக்கமாக இருக்கிறது.

கெவின் மாடிப்படியில் விழுந்து கோமாவுக்குப் போய்விட்டான், எல்லாம் அவன் மூளைக்குள் நடக்கிறது என்று யூடியூபில் விளக்கம் பார்த்தேன். அதுதான் சரியான விடையா?
– ஒரு வாசகி, திருச்சி

அப்படி நினைக்கப் படத்தில் இடமிருக்கிறது. ஆரம்பத்தில் சிறுவன் அடிபட்டதைப் பற்றி அப்பா ஃபோனில் பேசுகிறார். பின்னால் '572 நாட்கள்' என்று திரையில் எழுத்து வருகிறது, ஒரே ராத்திரி இத்தனை நாளாக நீண்டதற்குக் கோமா பொருத்தமான காரணம்தான். பெற்றோரின் பிரிவைப் பற்றிய படம் என்று சொல்கிறவர்களும் உண்டு. மாடியறைக் கட்டிலில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் அம்மா, உங்கள் இருவர் மேலும் எங்களுக்கு ரொம்பப் பாசம் என்று மகளிடம் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறாரே, கண்ணைத் திறந்தால் அவர் இல்லையே, அந்தக் காட்சியை வைத்து அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வாசிப்புதான் கொஞ்சம் நெருக்கம்.

ஆனால் 'புரியவில்லை' என்பதில் இரண்டு வகை உண்டு என்று நினைக்கிறேன். 2004ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பெரிய ஜூரி பரிசு வாங்கிய 'ப்ரைமர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதம் படித்த, முன்பு பொறியாளராக வேலை செய்த ஷேன் கருத் ஏறக்குறைய 7,000 டாலரில் எடுத்தது. வீட்டு கராஜில் இரண்டு நண்பர்கள் தற்செயலாகக் காலத்தில் பின்னோக்கிப் போகும் பெட்டியைச் செய்துவிடுகிறார்கள். 77 நிமிடம்தான், ஆனால் முதல்முறை பார்த்தால் தலை சுற்றும். அங்கே விடை இருக்கிறது. எந்த ஆள் எந்த நேரத்தில் எந்தப் பெட்டியிலிருந்து வந்தார் என்று ரசிகர்கள் பேப்பரில் கோடு போட்டு வரைந்தே கண்டுபிடித்தார்கள். நேரம் செலவழித்தால் அந்தப் படம் அதற்குத் தக்க பலன் தரும்.

ஸ்கினமரிங்க்கில் அந்த மாதிரி முடிச்சு இல்லை. இயக்குநர் அதற்கு முன் யூடியூபில் ஒரு சேனல் நடத்தினார், பார்ப்பவர்கள் தங்களுக்கு வந்த கெட்ட கனவுகளை எழுதி அனுப்புவார்கள், அவர் அதைச் சின்னச் சின்னப் படமாக எடுப்பார். வந்தவற்றில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்ததாம்: நான் சின்னப்பிள்ளை, எங்கள் வீட்டில் இருக்கிறேன், அப்பா அம்மாவைக் காணோம், வீட்டுக்குள் ஏதோ இருக்கிறது. அவருக்கும் சிறுவயதில் அதே கனவு வந்திருக்கிறது. படம் பிறந்தது அங்கிருந்துதான். கனவை விடுகதையாக எண்ணி விடை தேடினால், கடைசியில் ஒரு சொல் கையில் இருக்கும், கனவு போய்விடும். கோமா என்று முடிவு செய்தபிறகு நீங்கள் மறுபடி பார்த்தீர்களா? பயம் குறைந்திருக்குமே.

எங்கள் திரைப்படக் குழுவில் இந்தப் படம் போட்டார்கள். முடிந்ததும் 'எனக்கு ஒன்றும் புரியவில்லை, தூக்கம் வந்தது' என்றேன். கமர்ஷியல் படம் பார்த்துக் கெட்டுப்போனவர் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து போகவில்லை.
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சென்னை

படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தயவுசெய்து மறுபடி போங்கள். அந்தக் கூட்டத்தில் பார்த்ததை மறைக்காமல் சொன்னவர் நீங்கள். தூக்கம் வந்தது என்பதும் ஒரு விமர்சனம்தான், அதிலும் ராத்திரி, குழந்தை, டிவி வெளிச்சம், 'தூங்கு' என்று சொல்லும் குரல் என்று இருக்கிற படத்தில் தூக்கம் வருவது படத்துக்கு வெளியே நடக்கிற விஷயமே இல்லை. எந்த இடத்தில் தூக்கம் வந்தது என்று ஒருவர் உங்களிடம் கேட்டிருந்தால் அன்றைக்கு நல்ல பேச்சு ஒன்று தொடங்கியிருக்கும்.

இந்த மாதிரிப் படங்கள் ஆரம்பத்தில் எப்போதுமே சிலரை நம்பித்தான் இருந்திருக்கின்றன. அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் ஏறக்குறைய ஐந்து வருடம், நடுவில் பணம் தீர்ந்தபோது வீடுவீடாகப் பத்திரிகை போட்டுச் சம்பாதித்தும்கூட, தன் முதல் படத்தை முடித்தார். 1977ல் நியூயார்க்கில் பென் பேரன்ஹோல்ட்ஸ் என்பவர் அதை நள்ளிரவுக் காட்சியாகப் போட்டபோது முதல் ராத்திரி வந்தவர்கள் 25 பேர். பேரன்ஹோல்ட்ஸ் படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிடாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓட்டினார், வந்தவர்கள் வேறு சிலரை அழைத்து வந்தார்கள். அர்த்தம் என்ன என்று லிஞ்ச்சிடம் வாழ்நாள் முழுக்கக் கேட்டார்கள், 2025 ஜனவரியில் இறக்கும்வரை அவர் சொல்லவில்லை. எடுத்தவரே சொல்லாத அர்த்தம் தனக்குத் தெரியும் என்று ஒருவர் குழுவில் இன்னொருவரை மட்டம் தட்டினால், அதனால் அந்தப் படத்துக்கு ஒரு பார்வையாளர் குறைகிறார், அவ்வளவுதான். பரிசோதனைப் படங்களை நேசிக்கிற எவரும் அதைச் செய்யக் கூடாது.

என் மகனுக்கு 9 வயது. ரத்தம், சண்டை எதுவும் பெரிதாக இல்லை என்கிறார்கள். பார்க்கவிடலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

வேண்டாம். குழந்தையைத் தன்னையே காயப்படுத்திக்கொள்ளச் சொல்லும் காட்சி ஒன்று இருக்கிறது, கண்ணும் வாயும் இல்லாத ஒரு சிறுமியின் முகமும் வருகிறது. வெளிப்படையாகக் காட்டுவது குறைவு என்பதால் பாதிப்பு குறையாது. குழந்தையின் கண்ணிலிருந்து எடுத்த படம் என்பதாலேயே இது குழந்தைகளுக்கு ஆகாது.

எப்படிப் பார்த்தால் பிடிக்கும்? உங்களை அதிகம் பயமுறுத்திய இடம் எது?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

நான் முதலில் ஒரு மத்தியானம் ஃபோனில் பார்க்க ஆரம்பித்து 15 நிமிடத்தில் நிறுத்திவிட்டேன், திரையில் என் முகத்தின் நிழல்தான் தெரிந்தது. அப்புறம் வீட்டில் எல்லாரும் தூங்கியபின், விளக்கை அணைத்து, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, லேப்டாப்பில் நிறுத்தாமல் பார்த்தேன். பார்ப்பதென்றால் அப்படித்தான் பார்க்க வேண்டும். பிடிக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

பயமுறுத்திய இடம், ஃபோன். அடிபட்ட கெவின் அவசர உதவி எண்ணுக்குக் கூப்பிடுகிறான். எதிர்முனையில் ஒருவர் பேசுகிறார். படத்தில் முதல்முறையாக வெளியுலகத்தின் குரல், பொறுமையான பெரியவர் ஒருவரின் குரல். அவன் கிசுகிசுத்துப் பதில் சொல்கிறான். நமக்கு மூச்சு வருகிறது, யாரோ வரப் போகிறார்கள் என்று. அடுத்து பார்த்தால் அங்கே இருப்பது கண் உருளும், சக்கரம் வைத்த பொம்மை ஃபோன். அது அதற்கு முன்பும் தரையில் கிடந்ததுதான், நாம் பார்த்ததுதான். படம் முடிந்ததும் நான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்து போய் எங்கள் வீட்டு வாசற்கதவைக் கையால் தொட்டுப் பார்த்தேன்.